அழைப்புக் கட்டணம் ஒழிந்த பின் அழைப்பும் ஏன் குறைந்தது?

கேள்வி: ஒரு வாசகர், 2 ஜூன் 2024

எங்கள் சிறுவயதில் தெருவுக்கு ஒரு தொலைபேசிதான் இருந்தது. ஆனாலும் உறவினர்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். இன்று வீட்டில் ஆளுக்கொரு கைப்பேசி இருக்கிறது. என் அக்காள் மகனை அழைத்தால் எடுப்பதில்லை. பத்து நிமிடம் கழித்து "சொல்லுங்க மாமா" என்று எழுதி அனுப்புகிறான். வசதி பெருகப் பெருக உறவு சுருங்கிவிடுகிறது என்பதுதானே இதன் பொருள்?

2 ஜூன் 2024, இரவு

அப்படி நான் நினைக்கவில்லை. "விசாரித்துக்கொண்டே இருந்தார்கள்" என்பதிலேயே எனக்கு ஐயம் இருக்கிறது. 1991இல் இந்தியா முழுவதற்கும் சேர்த்து ஏறத்தாழ 50 லட்சம் தொலைபேசி இணைப்புகள்தாம் இருந்தன. இன்று கைப்பேசி இணைப்புகள் நூறு கோடியைத் தாண்டிவிட்டன. எழுபதுகளில் வெளியூர்க்காரர் ஒருவருடன் பேச வேண்டுமென்றால், இணைப்பகம் வழியாக ட்ரங்க் கால் என்ற வெளியூர் அழைப்பைப் பதிவு செய்ய வேண்டும். எவ்வளவு விரைவாக இணைப்பு வேண்டும், ஆர்டினரியா, அர்ஜென்டா, லைட்னிங்கா என்று கையிருப்பைப் பொறுத்து முடிவு செய்ய வேண்டும். பிறகு இணைப்பு வரும்வரை அந்த இடத்தைவிட்டு நகர முடியாது. மூன்று நிமிடம் ஆனதும் இணைப்பகப் பெண்மணி குறுக்கிட்டு, நீட்டிக்க வேண்டுமா என்று கேட்பார். கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே நேரடியாக எண்ணைச் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. வசதி 1960 நவம்பரிலேயே வந்துவிட்டது என்றாலும், நம் சிற்றூர்களின் கடைவீதிகளில் எஸ்.டி.டி. என்ற மஞ்சள் பலகை தொங்கியதெல்லாம் எண்பதுகளின் பிற்பகுதிக்குப் பிறகுதான்.

ஆகவே அன்று யாரும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கவில்லை. எப்போதாவது பேசினார்கள், அது நினைவில் நின்றுவிட்டது. இன்று எப்போதும் பேசுகிறோம், ஒன்றும் நினைவில் நிற்பதில்லை. கேள்வி கேட்டவர் ஒப்பிடுவது இரண்டு காலங்களின் உறவையா, இரண்டு காலங்களின் நினைவையா என்று அவரே யோசித்துப் பார்க்கட்டும்.

3 ஜூன் 2024

நேற்று எழுதியதோடு சேர்த்து இதையும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் கல்லூரியில் படித்தபோது, திருநெல்வேலிச் சந்திப்புப் பக்கம் என் பெரியம்மா மகன் வைத்திருந்த எஸ்.டி.டி. பூத்தில் மாலை வேளைகளில் உட்கார்ந்திருப்பேன். கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஒரு ஸ்டூல், காற்றைத் தவிர மற்றதெல்லாம் தரும் ஒரு சிறிய மின்விசிறி, பேசுகிறவரின் கண்ணுக்கு நேராகச் சிவப்பு இலக்கங்கள் ஓடும் மீட்டர். சென்னைக்குப் பேசினால் இலக்கம் ஒரு வேகத்தில் ஏறும். டில்லிக்கு என்றால் இன்னும் வேகமாக ஏறும். இரவு பதினொன்றுக்கு மேல் நான்கில் ஒரு பங்குக் கட்டணம்தான் என்பதால் பத்தே முக்காலுக்கே வெளியே பெஞ்சு நிறைந்துவிடும். உள்ளே போனவர், மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "நல்லா இருக்கியா, பிள்ளைய நல்லா இருக்கா, பணம் வந்துச்சா, சரி வைக்கேன்" என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டு வெளியே வருவார். அச்சு இயந்திரம் கிறீச்சிட்டுத் துப்பும் சீட்டை வாங்கி, தொகையைப் பார்த்து, அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்; பலர் அந்தச் சீட்டைக் கீழே போட்டதே இல்லை.

பேசிய சொற்களில் அநேகமாக எதுவுமே இல்லை. ஆனால் மறுமுனையில் கேட்டவளுக்கு, இந்த மனிதர் இரவு பதினொன்றுவரை தூங்காமல் விழித்திருந்து, வரிசையில் நின்று, அன்றைய கூலியில் ஒரு பகுதியைக் கொடுத்துத் தன்னை அழைத்திருக்கிறார் என்பது தெரியும். செய்தி அதுதான். கட்டணமும் வரிசையும் போனபோது அந்தச் செய்தியும் போய்விட்டது. இன்று அதே மனிதர் நாளைக்கு ஐந்து முறை இலவசமாக அழைத்து அதே மூன்று கேள்விகளைக் கேட்டால், "சும்மாதான் கூப்பிட்டீங்களா?" என்ற பதில்தான் வரும்.

3 ஜூன் 2024, பின்னிரவு

ஒரு சிறு குறிப்பு. என் தந்தையார் இன்றும் அமெரிக்காவிலிருக்கும் என் தங்கையிடம் பேசும்போது தெருவே கேட்கும். சென்னையிலிருக்கும் என் தம்பியிடம் அதைவிடச் சற்றுத் தணிந்த குரல். பாளையங்கோட்டைக்குள் என்றால் சாதாரணப் பேச்சு. தொலைவுக்கேற்பக் குரலை உயர்த்திய தலைமுறை அது. கம்பியில் குரல் தேய்ந்து வந்த காலத்தில் அது தேவையாகவும் இருந்தது. தேவை போய்ப் பல ஆண்டுகளாகியும் தொண்டை அதை அறியவில்லை.

5 ஜூன் 2024

"அப்படியானால் கட்டணமும் வரிசையுமான அந்தத் தடை நல்லதா?" என்று கேட்கிறார்கள். நல்லது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தடைக்கு ஒரு வேலை இருந்தது. அது எல்லோருக்கும் பொதுவான ஒரு சாக்கு. சித்தப்பா ஆறு மாதமாகப் பேசவில்லையென்றால், "லைன் கிடைத்திருக்காது", "அவருக்கு எங்கே நேரம்", "கடிதம் தவறியிருக்கும்" என்று எதிர்த்தரப்பே அவருக்காக ஒரு சமாதானத்தை உண்டாக்கிக்கொள்ளும். உண்மையில் அவருக்குப் பேச விருப்பமில்லாமலே இருந்திருக்கலாம். அதை யாரும் சோதித்துப் பார்க்க வழியில்லை என்பதால் உறவு அப்படியே நின்றது. அடுத்த திருமணத்தில் ஒரே பந்தியில் அமர்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இன்று அந்தச் சாக்கு கிடையாது. அழைப்புக்குக் காசில்லை, கைப்பேசிக் கோபுரம் எல்லா ஊரிலும் நிற்கிறது, ஒருவர் கடைசியாக எப்போது வாட்ஸ்அப்பைத் திறந்தார் என்பதையும் அதுவே காட்டிக்கொடுக்கிறது. 2014இல் நீல நிறக் குறிகள் வந்த பிறகு, படித்துவிட்டுப் பதில் எழுதாமல் இருப்பதும் வெளிப்படையாகிவிட்டது. பேசாமலிருப்பது இப்போது ஒரே ஒரு பொருளைத்தான் தருகிறது: பேச விரும்பவில்லை. எந்த மனிதராலும் நூறு உறவினருக்கும் நூறு நண்பருக்கும் நாள்தோறும் விருப்பத்தை நிரூபித்துக்கொண்டிருக்க இயலாது.

அதனால் இளையவர்கள் என்ன செய்கிறார்கள்? இழந்த தடையைத் தாங்களே மீண்டும் எழுப்பிக்கொள்கிறார்கள். கடைசியாகப் பார்த்த நேரத்தை மறைக்கிறார்கள், நீலக் குறியை அணைக்கிறார்கள், குடும்பக் குழுவை ஒலியடக்கி வைக்கிறார்கள், "சைலன்டில் இருந்தது மாமா" என்கிறார்கள். அக்காள் மகன் செய்தது இதுதான். "லைன் கிடைக்கவில்லை" என்று நாம் சொன்னதன் பேரன் இந்தச் "சைலன்டில் இருந்தது". நம் காலத்துத் தடையைத் தொலைபேசித் துறை இலவசமாகக் கொடுத்தது. இவர்கள் அதைச் சொந்த உழைப்பில் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது, அவ்வளவே.

6 ஜூன் 2024

பி.பி. எண்களைப் பற்றி ஒருவர் நெகிழ்ந்து எழுதியிருக்கிறார். விசிட்டிங் கார்டில் பக்கத்து வீட்டு எண்ணை அச்சிட்டு, அடைப்புக்குறிக்குள் பி.பி. என்று போட்ட காலம் எனக்கும் நன்றாக நினைவிருக்கிறது. "அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கூப்பிடுங்க, ஆளை வரச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, மதில்மேல் எட்டிப் பார்த்துக் குரல் கொடுப்பார்கள். அக்கம்பக்கம் ஒன்றாக வாழ்ந்ததற்கு இதைச் சான்றாகக் காட்டுகிறார்.

தொலைபேசி வைத்திருந்த வீட்டாரைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். உச்சிவேளைத் தூக்கத்தில் எழுந்து போய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியது அவர்கள்தாம். எண் சுழற்றும் வட்டில் சின்னஞ்சிறு பூட்டு மாட்டி வைத்ததும் அவர்கள்தாம். அந்தப் பூட்டை ஏய்த்து, ரிசீவர் வைக்கும் இடத்திலுள்ள பொத்தானை எண்ணுக்கேற்றபடி தட்டித் தட்டியே அழைக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகளும் அந்த வீட்டிலேயே வளர்ந்தார்கள். பேச வந்தவரோ, முன்னறையில் வீட்டார் அனைவரும் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டு அமைதியாக அமர்ந்திருக்க, தம் மகளுக்கு வந்த வரன் கைநழுவிய செய்தியை "ம், ம், சரி" என்று ஒற்றை எழுத்திலேயே பேசி முடிக்க வேண்டியிருந்தது. இந்த உதவிக்குக் கைம்மாறாகத் தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் அந்த வீட்டுக்கு முதலில் போகும். அது அன்பும்தான், கட்டணமும்தான். சொந்த இணைப்பு வந்த அன்றே பலர் அந்த வீட்டுப் படியேறுவதை நிறுத்திவிட்டார்கள் என்பதை வைத்து, இரண்டில் எது மிகுதி என்று முடிவு செய்துகொள்ளலாம்.

9 ஜூன் 2024

இதுவரை வந்த பதில்களைப் படித்தால் ஒன்று கண்ணில் படுகிறது. "அந்தக் காலம் நன்றாக இருந்தது" என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இந்த இழையில் இதுவரை பேசப்படாத பக்கத்தை நான் சற்று விரிவாகவே எழுதப் போகிறேன்.

என் தாயார் திருமணமாகி வந்தது விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஊரிலிருந்து. பிறந்தவீட்டோடு அவருக்கு இருந்த தொடர்பு ஆடிச் சீர், பொங்கல் சீர், யாராவது பிள்ளை பெற்றால் ஒரு பயணம், இவற்றுக்கிடையே சில இன்லண்ட் கடிதங்கள். அந்தக் கடிதத்தையும் தபால்காரர் திண்ணையில் தாத்தாவிடம்தான் கொடுப்பார். தாத்தா பிரித்துப் படித்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார். இதில் எவருக்கும் தவறாக எதுவும் தோன்றவில்லை. எனவே "இங்கு அனைவரும் நலம்" என்று தொடங்கிய கடிதங்களில் நலமில்லாத எதையும் எழுத இடமே இருந்ததில்லை. வீட்டுக்குத் தொலைபேசி வந்தபோது அது முன்னறையில், தாத்தாவின் சாய்வு நாற்காலிக்கு அருகே ஓர் உயர்ந்த முக்காலியில் அமர்ந்தது. குரோஷே பின்னிய உறை வேறு. தன் தாயிடம் பேசும் ஒரு பெண்ணின் குரலை மாமனார் கேட்டுக்கொண்டிருக்கும்படிதான் அதன் கம்பியின் நீளமும் அமைந்திருந்தது.

என் மகள் இப்போது மருமகளாகப் போயிருக்கும் வீட்டில், சமையலறை மேடையில் கைப்பேசியைக் கடுகு டப்பாவின் மேல் சாய்த்துவைத்து, என் மனைவியுடன் பேசிக்கொண்டே குழம்பு வைக்கிறாள். புளி எவ்வளவு என்பதில் தொடங்கி, மாமியார் நேற்று என்ன சொன்னார் என்பதுவரை அன்றாடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. "கல்யாணமாகியும் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டே இருக்கிறாள்" என்று சம்பந்தியம்மா குறைப்பட்டுக்கொண்டதாகச் செய்தி வந்தது. அந்தக் குறையை நான் அற்பமென்று தள்ளிவிடவில்லை. முன்பு ஒரு பெண் புகுந்த வீட்டில் வேர்விட்டதற்கு ஒரு காரணம், அவளுக்கு வேறு போக்கிடமே இல்லாமல் செய்திருந்ததுதான். அந்தத் தூரம் அகன்றபோது மாமியாரின் அதிகாரத்தில் ஒரு பகுதி சத்தமில்லாமல் கரைந்தது. எந்தச் சட்டமும் எந்தப் பிரசாரமும் அதை இவ்வளவு விரைவில் செய்திருக்குமா என்பது ஐயமே.

ஆனால் அந்தப் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. சிறு மனத்தாங்கல் ஒன்று பிறந்தவீட்டுக்குப் போய்ச்சேர ஆறு மாதமான காலத்தில், போய்ச்சேருவதற்குள் அது தானே ஆறிவிட்டிருக்கும். இன்று காலையில் நடந்த வாக்குவாதம் மதியத்துக்குள் தாயிடம், மாலைக்குள் தந்தையிடம், இரவுக்குள் தாய்மாமனிடம் போய்விடுகிறது. மறுநாள் காலையில் கணவனும் மனைவியும் சமாதானமான பிறகு, மற்ற மூவரும் இன்னும் சண்டையிலேயே இருக்கிறார்கள். நானும் அந்த மூவரில் ஒருவனாக இருந்திருக்கிறேன்.

எல்லாப் பெண்களுக்கும் இந்தக் கதவு திறந்துவிட்டதாகவும் நினைக்க வேண்டாம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தானே பயன்படுத்தும் கைப்பேசி தன்னிடம் உண்டு என்று சொன்ன பெண்கள் இந்தியாவில் 54 விழுக்காடுதான். கருவி மலிந்துவிட்டது, அதைக் கையில் கொடுக்கும் மனம் எல்லா வீட்டிலும் மலிந்துவிடவில்லை.

9 ஜூன் 2024, மாலை

மிஸ்டு கால் கொடுத்ததைக் கஞ்சத்தனம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 1995இல் கைப்பேசி வந்தபோது அழைப்பவருக்கும் கட்டணம், எடுப்பவருக்கும் கட்டணம். வரும் அழைப்பு இலவசமானது 2003இல்தான். அந்தக் காலத்தில் ஒரு முறை ஒலித்தால் வந்து சேர்ந்தேன், இரண்டு முறை ஒலித்தால் நீ கூப்பிடு என்று வீட்டுக்கு வீடு ஓர் உடன்படிக்கை இருந்தது. ஒரு காசும் செலவில்லாமல் நாடு முழுவதும் தந்தியடித்துக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்த மக்களைக் கஞ்சர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

14 ஜூன் 2024

திருமண அழைப்பைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். நான் மூன்றாம் தேதி எழுதியதை இதை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். அஞ்சலில் அழைப்பிதழ் அனுப்பத் தொடங்கிய காலத்திலேயே, "இதையே நேரில் வந்து அழைத்ததாகக் கருதி" என்ற வரி வந்துவிட்டது. அஞ்சலில் வந்ததற்குப் போகலாமா என்று அன்றைய பெரியவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் நாதசுர ஓசையோடு பிள்ளையார் படம் நகரும் அழைப்பு வருகிறது. இதைப் பார்த்தவுடன், "தபாலிலாவது அனுப்பியிருக்கலாம்" என்கிறார்கள். முன்பு அவமதிப்பாக இருந்த தபால், ஒரு படி கீழே இன்னொன்று வந்ததும் மரியாதையாக உயர்ந்துவிட்டது.

தாம்பூலத் தட்டோடு வீட்டுக்கு வந்து, குங்குமம் கொடுத்து, "குடும்பத்தோடு முன்கூட்டியே வந்துவிட வேண்டும்" என்று அழைப்பதற்கு இன்று முன்னைவிட மதிப்பு அதிகம். முன்பு எல்லோருக்கும் அப்படித்தான் அழைப்பு; இன்று யாருக்கு நேரில், யாருக்குத் தபாலில், யாருக்கு வாட்ஸ்அப்பில் என்று மூன்று பட்டியல்கள் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் இருக்கின்றன. எந்தப் பட்டியலில் இருக்கிறோம் என்பது அழைக்கப்பட்டவருக்கும் தெரிந்துவிடுகிறது. மொய் எழுதும்போது அது எதிரொலிக்கவும் செய்கிறது. ஒன்று இலவசமானதும், மரியாதை இன்னும் செலவு பிடிக்கும் வேறொன்றில் போய் உட்கார்ந்துகொள்கிறது. முன்பு பணம், இப்போது பெட்ரோலும் ஞாயிற்றுக்கிழமையும்.

15 ஜூன் 2024

சாவுச் செய்தியில் மட்டும் இது வேறு விதமாக நடக்கிறது. ஆள் விட்டுச் சொல்வது, தந்தி கொடுப்பது என்றிருந்த காலத்தில் தபால்காரர் தந்தியோடு வந்தாலே பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது பிறகுதான். 2013 ஜூலையில் தந்திச் சேவையே முடிந்துவிட்டது. இப்போது ஒரு பெரியப்பா இறந்ததை, அவருடைய கடைசி மருமகன் வைத்த "கண்ணீர் அஞ்சலி" ஸ்டேட்டஸைப் பார்த்து உறவு முழுவதும் அறிந்துகொள்கிறது. வேகத்தில் குறையில்லை. ஆனால் முறைப்படி முதலில் அறிய வேண்டிய தாய்மாமன் வீட்டார் மூன்றாவது வீட்டாரிடமிருந்து அறிகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒருவர் வராததற்கு இதுவே காரணம். செய்தி மெதுவாகப் போனபோது யாருக்கு முன்னால் யாருக்கு என்ற வரிசையைக் காப்பாற்ற முடிந்தது.

20 ஜூன் 2024

துபாயிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்து வீடுகளில் கேசட்டில் குரலைப் பதிந்து அனுப்பிய வழக்கத்தை நினைவூட்டுகிறார். ஒலிப்பதிவுக் கருவியைக் கூடத்தின் நடுவே வைத்துக்கொண்டு வீட்டார் ஒவ்வொருவராகப் பேசுவார்கள். குழந்தையின் அழுகையும் சேவல் கூவுவதும் அதில் சேர்ந்து போகும். ஊருக்கு விடுமுறையில் வருகிற யாராவது ஒருவர் கையில் அது பயணம் செய்யும். அமீரகத்தில் வாட்ஸ்அப் வழியாகக் குரல் அழைப்பு இன்றும் செல்லாது. பாட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகளையே பயன்படுத்துகிறார்கள். இத்தனைக்குப் பிறகும் தடை ஒன்று சட்டத்தின் வடிவில் மிச்சமிருக்கும் இடம் அது. "பாட்டிமில் பேசுவதற்கென்று வெள்ளிக்கிழமை ஒரு நேரம் வைத்திருக்கிறோம், யாரும் தவறவிடுவதில்லை" என்கிறார் அவர். தடையைப் புகழ்வதற்காக இதை அவர் சொல்லவில்லை; எரிச்சலோடுதான் சொல்கிறார்.

22 ஜூன் 2024

அக்காள் மகனிடம் திரும்புவோம். அவன் தலைமுறையில் ஒருவரை முன்னறிவிப்பின்றி அழைப்பது, கதவைத் தட்டாமல் படுக்கையறைக்குள் நுழைவதற்கு ஈடு. நம் தலைமுறையில் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தவருக்கும் இலை போட்டோம். முன்கூட்டிச் சொல்ல வழியே இல்லாததால் சொல்லாமல் வருவது குற்றமில்லை. சொல்ல வழி வந்ததும் சொல்லாமல் வருவது குற்றமாயிற்று. இது வீட்டுக்கு வருவதில் தொடங்கி இப்போது அழைப்புவரை வந்திருக்கிறது. "மாமா, இப்போது பேசலாமா?" என்று அவன் எழுதிக் கேட்பது அவன் அறிந்த மரியாதை. கேட்காமல் அழைப்பது நீங்கள் அறிந்த பாசம். இரண்டு பேரும் முறைப்படிதான் நடக்கிறீர்கள், முறைதான் இரண்டாகிவிட்டது.

எனக்குத் தெரிந்தவரை இதற்கு ஒரே வழி, ஒரு நேரத்தைப் பேசி வைத்துக்கொள்வது. அவனுக்கு உகந்த வேளையைக் கேட்டு வாங்குங்கள். அவன் நேரத்தைக் கேட்டு வாங்குவது தாழ்வு என்று தோன்றினால், இணைப்பகத்தில் ட்ரங்க் காலுக்கு நம் பெயரைச் சொல்லிப் பதிவு செய்துவிட்டுக் காத்துக் கிடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

23 ஜூன் 2024

குரல் குறிப்பு அனுப்பலாமே என்று ஒருவர் சொல்கிறார். எழுத்துத் தட்டத் தடுமாறும் முதியவர்களுக்கு அது உண்மையிலேயே பெரிய உதவி. என் அத்தை நாள்தோறும் பேரனுக்கு ஒன்று அனுப்புகிறார். மாவு புளித்தது, பூனை குட்டி போட்டது, முழங்கால் வலி என்று எல்லாம் இருக்கும். பேரன் தவறாமல் கேட்கிறான், ஆனால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு. சென்ற மாதம் ஊருக்கு வந்தவன், அத்தை பேசிக்கொண்டிருக்கும்போது என் காதருகே வந்து, "ஆச்சிக்கு உடம்பு சரியில்லையா? ரொம்ப மெதுவாப் பேசுறாங்க" என்று கவலையோடு கேட்டான்.